மூன்று நாள் நீலம்

ஹோமியோபதி மாத்திரை போட்டுக் கொடுப்பார்களே, சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி, அதுபோல நூற்றுப் பதினாறு குப்பிகள் என் அப்பாவிடம் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கல். கல்லுக்கு மேல் கொஞ்சம் பஞ்சு, கல்லுக்கு அடியில் சுருட்டி வைத்த ஒரு துண்டுக் காகிதம். குப்பிகள் வரிசை கலையாமல் ஒரு தகரப் பெட்டியில் நிற்கும். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்தார். கடைசல் போட்டு வரும் பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் ஓகே, ஒரு மயிரிழை கூடக்குறைய இருந்தால் ரிஜெக்ட் என்று சீட்டு ஒட்டுவது அவர் வேலை. அந்த வேலைக்காக வாங்கிய பூதக்கண்ணாடிதான் அவரைக் கல் பக்கம் இழுத்துக்கொண்டு போனது என்று நினைக்கிறேன்.

குவார்ட்டர்ஸில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் லீவு முடிந்து திரும்பும்போது மடியில் கல் முடிந்துகொண்டு வருவார். யாராவது ஜோசியர் பேச்சைக் கேட்டு ராசிக்கல் வாங்கினால், மோதிரத்தில் பதிப்பதற்கு முன்னால் அப்பாவிடம் காட்டுவார்கள். அசலா போலியா என்று அவர் சொல்லிவிடுவார். நீலக்கல் என்றால் அதற்கு மட்டும் தனிச் சடங்கு உண்டு. சனி பகவானுடைய கல்லாயிற்றே, எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது என்று பயம். மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துப் பார்ப்பார்கள். கெட்ட கனவு, காய்ச்சல், சண்டை, சின்ன அடி, எது வந்தாலும் கல் வேண்டாம். இப்படி ஒத்துக்கொள்ளாமல் போன கற்களை வீட்டில் வைத்துக்கொள்ளவும் பயம், தூக்கி எறியவும் மனசு வராது. எல்லாம் அப்பாவிடம்தான் வந்து சேரும். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக் குப்பியில் போட்டுக்கொள்வார். "இது வெறும் அலுமினியம் ஆக்சைடு. நம்ம ஊட்டு சோத்துப் பானைக்கு ஒண்ணுவுட்ட தம்பி. இதுவா வந்து உன் தலையெழுத்த மாத்தப் போவுது?" என்பார். எங்கள் வீட்டில் ஜாதகம் பார்த்தது கிடையாது. அம்மா திருட்டுத்தனமாக ஜோசியரிடம் போய்விட்டு வந்தால் ஒரு வாரத்துக்குக் கிண்டல் நடக்கும். இப்படி ஒரு அப்பா இருக்கிறார் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமையில்தான் நிலவியல் படிக்க ஆசைப்பட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து சேலத்தில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஹாஸ்டலில் இடம் உண்டா என்ற கடிதம் மட்டும் வர வேண்டும். அது வரவேயில்லை. ஒருநாள் அப்பா லீவு போட்டுவிட்டு முதல் ரயிலுக்குக் கிளம்பிப் போனார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்து, "ஹாஸ்டல் ஃபுல்லாம் பாப்பா. வார்டனையே பாத்துட்டேன். கெஞ்சிக்கூட பாத்தேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்காக யாரோ ஒரு வார்டனிடம் போய்க் கெஞ்சினாரே என்று நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். பக்கத்துக் கல்லூரியில் பி.காம் சேர்ந்தேன். பாடியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதப் போனேன், இன்றுவரை அதே வேலை. ரயிலில் போகும்போது சேலத்துப் பக்கத்து மலைகளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வார்டன் மேல்தான் கோபம். முகம் தெரியாத அந்த அம்மாளை முப்பது வருடத்துக்கு மேல் திட்டியிருக்கிறேன்.

அப்பா போன வருடம் காலமானார். பட்டாபிராமில் அவர் கட்டிய வீட்டில் தம்பி குடும்பமும் அம்மாவும் இருக்கிறார்கள். காரியம் முடிந்த கையோடு தம்பி அந்தத் தகரப் பெட்டியை ஆட்டோவில் வைத்து அம்பத்தூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். "யார் யாருக்கோ ஆவாத கல்லு. ஊட்ல வெச்சிருந்தா என் பொண்டாட்டி தூங்க மாட்டேங்குறா. நீயே வெச்சிக்கோ, இல்ல வித்துடு" என்றான். விற்க எனக்கு மனசில்லை. அப்பாவை ஊருக்குத் தெரிய வைக்க வேண்டும் என்று ஒரு வெறி. நான் படித்த குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சரிடம் பேசினேன். லேபில் ஒரு கண்ணாடி அலமாரி ஒதுக்கித் தருவதாகச் சொன்னார், திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அலமாரியில் வைக்க ஒரு பெயர்ப்பலகைக்குக்கூட வாசகம் எழுதிவிட்டேன். 'மூடநம்பிக்கைகளைக் கூழாங்கல்லாக எண்ணியவர்' என்று ஒரு வரி. இப்போது படித்தால் உடம்பு கூசுகிறது.

ஒவ்வொரு குப்பிக்கும் கல்லின் பெயர் எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. அடியில் இருந்த காகிதத்தை அப்பா இருந்தவரை யாரும் பிரித்ததில்லை. கல்லைக் கையில் கொடுப்பார், குப்பியைக் கொடுக்க மாட்டார். முதல் சீட்டைப் பிரித்தேன். 'பவளம். எதிர்வீட்டு ஃபோர்மேன். போட்ட வாரம் விரல் நசுங்கியது. ரிஜெக்ட்.' வாய்விட்டுச் சிரித்தேன். எல்லாரையும் கேலி செய்யத்தான் இப்படிக் குறித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். பத்து, இருபது சீட்டுகள் போயின. 'கோமேதகம். கேன்டீன்காரர் மனைவி. குழந்தை தங்கியது. பிரசவம் முடிந்து திருப்பித் தந்தார்கள். ஓகே.' அதற்குக் கீழே இரண்டு கோடு. கேலி செய்கிறவர் கோடு போட மாட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. தொழிற்சாலையில் பாகங்களை எப்படி அளந்தாரோ, அதே அக்கறையோடு, அதே கையெழுத்தில், கல் செய்ததையும் செய்யாததையும் அளந்து எழுதியிருந்தார். என் அப்பா நம்பியிருக்கிறார். அதுவும் அவர் கேலி செய்த எல்லாரையும்விட ஆழமாக நம்பியிருக்கிறார்.

அறுபதாவது குப்பியோ என்னவோ, நல்ல நீலம். 'பாப்பா. ஏழரைச் சனி. சேலம் அனுப்பும் முன். தலையணையில் மூன்று நாள். இரண்டாம் நாள் காய்ச்சல். ரிஜெக்ட். அனுப்பக் கூடாது.'

அந்தக் காய்ச்சல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உறவுக்காரக் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்த எல்லாரும் வேன் பிடித்துத் திருத்தணிக்குக் கிளம்பினார்கள். தபால்காரர் ஹாஸ்டல் கடிதத்தோடு வந்து கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். அக்குளில் வெங்காயம் வைத்தால் உடம்பு சுடும் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. வைத்துப் பார்த்தேன், சுடவில்லை. அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சிப் பானை மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்து படுத்தேன். அப்பா நெற்றியில் கை வைத்தார். அவர் முகம் அப்படியே செத்துப்போனது. அவரும் வேனில் ஏறவில்லை. நாள் முழுக்க என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லி இந்த மனுஷனை இப்படிக் கலங்க வைத்துவிட்டோமே என்று நான் போர்வைக்குள் அழுதேன். என் கல்யாணத்தில், என் பிரசவத்தில், அவர் படுக்கையில் கிடந்த நாட்களில், அப்பா என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த முகம்தான். என்மேல் உள்ள பாசம் என்று நினைத்திருந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னையா, தலையணைக்கு அடியில் கிடந்த கல்லையா என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்.

மறுநாள் பட்டாபிராமுக்குப் போய் அந்தச் சீட்டை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"இப்ப இன்னாத்துக்கு அத்த நோண்டிக்கினு கீற? அவரே போய் சேந்துட்டாரு."

"உனக்கு தெரியுமாம்மா?"

"தெரியாம இன்னா? ஏழரைன்னு ஜோசியக்காரன் சொன்னத நான்தான் வந்து சொன்னேன். ஊரே பாக்க என்னைய நக்கல் அடிச்சிட்டு, அன்னிக்கே போய் நீலத்த எடுத்துக்கினு வந்துட்டாரு. உங்கிட்ட மூச்சு வுடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு."

"அப்ப ஹாஸ்டல்? வார்டன பாத்தேன்னு சொன்னாரே?"

"இன்னா வார்டனு. சேலத்துக்கு எங்க போனாரு? நெமிலிச்சேரில உங்க பெரியப்பா ஊட்ல பகல் பூரா படுத்துக் கெடந்துட்டு வந்தாரு. ஹாஸ்டல் கடுதாசி அதுக்கு முன்னயே, ஃபாரத்துல அவரு எழுதிக் குடுத்த ஃபேக்டரி வெலாசத்துக்கு வந்துடுச்சி. எடம் கீதுன்னுதான் போட்டிருந்தான்."

அனுப்ப மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், பட்டினி கிடந்திருப்பேன், தோற்றும் போயிருப்பேன். அதைத் தாங்கிக்கொள்ளலாம். மூன்று ஸ்டேஷன் தள்ளிப் போய்ப் படுத்துவிட்டு வந்து, கண்ணையும் கலக்கிக்கொண்டு நின்றாரே, அவருக்கு நான் ஆறுதல் சொன்னேனே, அதுதான் ஆறவில்லை. அம்மாவும் கூட்டு. காய்ச்சல் பொய் என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அழுதால் நான்தான் தேற்ற வேண்டும். இன்னொரு முறை அந்த வேலை என்னால் ஆகாது.

கிளம்பும்போது தம்பி வாசல்வரை வந்தான். அவன் மகளுக்குக் கோயம்புத்தூரில் விவசாயப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது.

"யக்கா, அப்பா பொட்டில அசல் நீலம் ஒண்ணு இருந்துச்சில்ல? பொண்ண அவ்ளோ தூரம் தனியா வுடறோம், அதுக்கும் இப்ப சனி நடக்குதாம். மூணு நாள் வெச்சிப் பாத்துடலாம்னு கீறேன். ஒத்துக்கினா மோதிரம் செஞ்சி போட்டு அனுப்பிடலாம். இல்லன்னா இங்கயே பக்கத்துல எதுனா சேத்துடலாம்."

"அவகிட்ட சொன்னியா?"

"சின்னப் பொண்ணு, அதுங்கிட்ட எதுக்கு?"

அப்பாவின் மூக்கு அவனுக்கு. அப்பாவின் குரலும் என்று அன்றுதான் கவனித்தேன். உன் மனைவிதான் பயப்படுகிறாளே, பெட்டி என் வீட்டிலேயே இருக்கட்டும், பெண்ணைத் திங்கட்கிழமை சாயங்காலம் அனுப்பு, மூன்று நாள் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

திங்கட்கிழமை மதியம் டீச்சர் வந்தார். சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கல்லின் பெயரும் அது என்ன தாது என்பதும் மட்டும் எழுதி ஒட்டியிருந்தேன். நூற்றுப் பதினாறும் போயின, நீலமும் சேர்த்துத்தான். "பலகைல அப்பா பேர் போடணும்னு சொன்னீங்களே?" என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன். மற்றவர்கள் சீட்டையெல்லாம் கிழித்துப் போட்டேன். என்னுடையதைக் கிழிக்கக் கை வரவில்லை.

சாயங்காலம் தம்பி மகள் பையோடு வந்தாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை என்றாலும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்தக் காலத்துப் பெண், காது நீளம். மறுநாள் காலையில் தலையணையைத் தூக்கிக் காட்டி, "கல்லு எங்க அத்த?" என்றாள். பக்கத்தில் உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். சேலம், கடிதம், நெமிலிச்சேரி, வெங்காயம், கஞ்சிப் பானை, ஒன்று விடாமல். கல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, சோதனையும் கிடையாது ஒன்றும் கிடையாது, கல் ஒத்துக்கொண்டது என்று உன் அப்பாவிடம் பொய் சொல்லப் போகிறேன், உனக்குப் போக இஷ்டமில்லை என்றால் இப்போதே சொல்லிவிடு என்றேன். அவள் தலையணையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தாள். "போறேன் அத்த" என்றாள்.

வியாழக்கிழமை தம்பி வந்தான். செருப்பைக் கழற்றும்போதே, "இன்னாக்கா, எப்டி?" என்றான்.

"நல்லா ஒத்துக்கிச்சு. மூணு நாளும் அடிச்சிப் போட்ட மாதிரி தூங்கினா."

அவன் கண்ணை மூடிக் கும்பிட்டான். மோதிரம் வேண்டாம், கல்லைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன், ஒத்துக்கொண்டதே போதும் என்றேன். அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வேண்டியவர்களிடம் பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் சுலபமாகத்தான் இருந்திருக்கும். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தம்பி பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். அவன் மகள் படியில் நின்று, "தாத்தா அந்த மூணு நாள்ல உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க அத்த?" என்று மெல்லக் கேட்டாள்.

"காய்ச்சல் பொய்யின்னு சொல்லியிருப்பேன்" என்றேன்.