பூசணிக்காய்க்குப் பல்வலி

எங்கள் கிளைக்கு மேல்மாடியில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் அவளுக்கு ‘வேலிக்காரி’ என்று பெயர். வைத்தது நான்தான். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே ரிப்போர்ட்தான் போகும்; ஆனால் ஒவ்வொரு மேலாளரும் திறந்தால் அவரவர் கிளையின் வரிகள் மட்டுமே தெரியும். அந்த வேலியைப் போடுவது அவள் வேலை. ஐந்து அக்கா தங்கைகளோடு ஒரே அலமாரியைப் பங்கிட்டு வளர்ந்தவள். அடுத்தவள் தட்டில் கைவைத்தால் வீடு இரண்டுபடுமாம். அந்தக் குணம் இன்னும் போகவில்லை. யாராவது அவள் திரையை எட்டிப் பார்த்தால், “என்ன, கண்ணு இரவல் வாங்கிட்டு வந்தியா?” என்பாள்.

போன மாதம் விடுப்பு ரிப்போர்ட்டைத் தயாரித்தாள். யார், என்று, என்ன காரணம் என எல்லாம் அதில் உண்டு. என் விடுப்பும்தான். புதன்கிழமைதோறும் அரைநாள் விடுப்பில் மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தேன். என் மேலாளருக்குத் தெரியும். நல்ல மனிதர், வாய் திறக்கமாட்டார். ஆனால் இன்னொரு கிளைக்கு மேலாளர் என் கணவரின் அண்ணன். அவர் காதில் விழுந்தால் ஊருக்கே தண்டோரா போட்டதுபோல்தான். வீட்டில் என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

வேலிக்காரி உண்மையான தகவலை ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனைப் பிரதி அனுப்புவாள். அதில் ஆட்களுக்கெல்லாம் காய்கறிப் பெயர். காரணம் எல்லோருக்கும் பல்வலி. தேதியும் கிளையும் மட்டும் நிஜம்.

அன்று மதியமே கணவரின் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

“ஏம்மா, உங்க கிளையில யாரு அந்தப் பூசணிக்காய்? புதன்கிழமையானா பல்வலியாம்! பல்லுக்குக்கூட கிழமை தெரியுமா?”

அவரோடு சேர்ந்து சிரித்தேன். எங்கள் கிளை அவர் கண்ணில் படவே கூடாதே! போனை வைத்ததும் வேலிக்காரியிடம் ஓடினேன்.

“இருக்காதே. அவர் பேர்ல நானே திறந்து பாத்தேன், அவர் கிளை மட்டும்தான் வந்துச்சு” என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அடப்பாவமே! ரிப்போர்ட்ல இருக்குற வரைபடத்துல நிறம் மாத்தணும்னு கெஞ்சினாரு, திருத்துற உரிமையைக் குடுத்துட்டேன். திருத்துறவங்களுக்கு இந்த வேலி கிடையாதுப்பா. எல்லாமே தெரியும்.”

உடனே அந்த உரிமையைப் பிடுங்கினாள். “நிறத்தை நானே மாத்தித் தர்றேன் சார்” என்று அவருக்குப் போன் போட்டு, அவர் கணினியிலேயே திறக்கச் சொன்னாள். அவருடைய கிளை மட்டுமே வந்தது என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் நிஜத் தகவலை ஏற்றினாள்.

ஞாயிறன்று வீட்டுக்கு வந்தவர், “இப்ப வர்ற ரிப்போர்ட்ல சுவாரசியமே இல்லம்மா. பூசணிக்காயையும் காணோம்” என்று அலுத்துக்கொண்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய், நின்று மூச்சு விட்டேன்.

மறுநாள் அவளுக்கு நன்றி சொல்லப் போனேன். எதற்கு என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது? “சும்மா... தேங்க்ஸ்” என்றேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்து நாற்காலியை என் பக்கம் நகர்த்தினாள்.

“உக்காரு” என்றாள் மெதுவாக. “இப்பல்லாம் தூக்கம் வருதா?”