சோளக்கொட்டிலில் காணாமல் போன பிள்ளை

இத்தாலியில், பொலிதேயாமாப் பகுதியில், சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் ஓர் அமெரிக்கப் பெண்ணின் வீட்டை அம்மா துப்புரவு செய்கிறார். சின்யோரா தன் பரம்பரையைத் தேடிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான் பழைய தாள்கள் நிறைந்த பெட்டிகளைத் தூக்கப் போனேன். அவர் இத்தாலியனில் சொல்வதை அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன்.

சின்யோராவின் மூதாய் ஒருத்தி அந்தக் காலத்தில் அமெரிக்காவில் காட்டோரம் குடியேறியவள். பறிகொடுத்த காட்டை மீட்க வந்த பூர்வகுடிகள் அவளுடைய கணவனின் தலையை வாசலிலேயே பிளந்தார்கள். உள்ளே நுழைந்த ஒருவனின் கழுத்தை அவள் கோடரியால் வெட்டினாள். பிறகு கைக்குழந்தையோடு சோளக்கொட்டிலில் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா, கோடரி வெட்டைப் பாத்தா உங்கட சொந்தக்காரி போல கிடக்கு" என்றேன்.

"வாயைப் பொத்தடா. பிறகு?"

அவள் உயிரோடு வெளியே வந்தாள். குழந்தை மட்டும் அதற்குப் பிறகு எந்தத் தாளிலும் இல்லை. அது எங்கே போனது என்றுதான் சின்யோரா மாதக்கணக்காகத் தேடினார்.

அம்மா தூசித் துணியைக் கீழே வைத்தார்.

"தேட வேண்டாமெண்டு சொல்லு. பிள்ளை அழுதிருக்கும். சத்தம் வெளியில கேக்காமல் தாய் வாயைப் பொத்தியிருப்பாள்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வன்னியில, சண்டை நேரம், பங்கருக்குள்ள, நானும் உன்ர வாயைப் பொத்தினனான். நீ கடிச்சாய், கையை எடுத்திட்டன். செல் விழுந்து வெடிச்ச சத்தத்தில உன்ர அழுகை ஆமிக்குக் கேக்கேல்லை."

அம்மாவின் சுட்டுவிரலில் ஒரு தழும்பு இருக்கிறது. எந்த நாய் கடித்தது என்று கேட்டு இத்தனை வருடமாகச் சீண்டியிருக்கிறேன்.

அம்மா என்ன சொன்னார் என்று சின்யோரா கேட்டார். முதல் பாதியை மட்டும் சொன்னேன்.