எஞ்சின் வைத்த சைக்கிள்

எங்கள் வீட்டுக்கு அந்த எஞ்சின் ஒரு கோணிப்பைக்குள் வந்தது. சித்தப்பாவோடு பட்டறையில் வேலை பார்த்த கூட்டாளி ஒருவர், குர்லாவின் பழைய இரும்புக் கடைகளில் தேடிப் பிடித்து, தோளில் சுமந்து வந்து, சோறு கொதித்துக்கொண்டிருந்த ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் தொப்பென்று இறக்கினார். யுத்த காலத்தில் பட்டாளத்தார் பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்ற வைத்திருந்த பெட்ரோல் எஞ்சினாம். பெரிய பூசணிக்காய் அளவுதான் இருக்கும், மேலெல்லாம் துரு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சித்தப்பா ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் தரையில் நகர்ந்தே வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். காலை இழந்த பிறகு அவராக விரும்பி ஒன்றை நோக்கி நகர்ந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அறுபதுகளின் நடுவில் நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்திருந்தேன். தாராவியில் சித்தி வீட்டில்தான் தங்கல். ஒரே அறை. சித்தி என் அம்மாவின் தங்கை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சித்தப்பா செம்பூரில் ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டர். உயரமான மனிதர். வேகமாக நடப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது சித்தியும் நானும் பின்னாலேயே அரை ஓட்டமாக ஓடவேண்டும். ஒரு மழைக்காலக் காலையில் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போனவர் கை நழுவி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு எல்லாமே சித்திதான். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, காலையில் பொதுக் கக்கூஸ் வரிசைவரைக்கும் தோள் கொடுத்துக் கூட்டிப்போவது. அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவருக்கோ அந்தச் சுளிக்காத முகம்தான் பொறுக்கவில்லை என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. பேச்சைக் குறைத்துக்கொண்டார். பொருத்திப் பார்த்த கட்டைக்கால் புண்ணாக்கியதும் அதைப் பரண்மேல் போட்டுவிட்டார். ஊருக்குப் போய்விடலாம், கோயில் முக்கில் ஒரு பெட்டிக்கடை வைக்கலாம் என்று சித்தி மெதுவாகச் சொல்லிப் பார்ப்பாள்.

"ஊருக்குப் போனா நான் நடந்துதான் போவேன். நாலு பேரு தூக்கிட்டுப் போவ நான் என்ன சப்பரமா?" என்பார். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

பட்டறை முதலாளி சேட் ஒருநாள் வீட்டுக்கே வந்து பார்த்தார். உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிறது, தருகிறேன், ஆனால் வந்து சேர்வது உன் பொறுப்பு என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். நல்ல வார்த்தைதான். ஆனால் எப்படிப் போவது? ரயில் பேச்சையே எடுக்க முடியாது. பஸ்ஸுக்கு நானும் சித்தியுமாக அவரைக் கூட்டிப்போனோம். ஊன்றுகோலைப் படியில் வைப்பதற்குள் கண்டக்டர் மணி அடித்துவிட்டார். அடுத்த பஸ்ஸிலும் அதே கதை. திரும்பி வரும்போது சித்தப்பா எங்கள் இருவர் தோளையும் பிடிக்க மறுத்து, நின்று நின்று தனியாக வந்தார். அதற்குப் பிறகுதான் கூட்டாளியிடம் சொல்லி எஞ்சினைத் தேடச் சொல்லியிருக்கிறார்.

எஞ்சினைப் பிரித்துக் கழுவியதில் வீடு முழுக்கப் பெட்ரோல் வாடை. குழம்பில்கூட அது ஏறிவிட்டதாகச் சித்தி புலம்பினாள். ஒரு பழைய சைக்கிளை வாங்கி, கேரியரில் பலகை பொருத்தி, அதன்மேல் எஞ்சினை வைத்தார். எஞ்சினின் முனையில் ஒரு இரும்பு உருளை. பக்கத்திலிருந்த கம்பியை இழுத்தால் பலகை தாழ்ந்து உருளை பின் டயரில் அழுந்தும். உருளை சுற்றச் சுற்ற டயரும் சுற்றும். இடது பெடலைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தப் பக்கம் ஊன்றுகோலைச் செருக ஒரு கொக்கி வைத்தார். சித்தி கதவோரம் நின்று பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் பேரம் பேசினாள்.

"இது ஓடிச்சின்னா இங்கயே இருப்போம். ஓடலன்னா மறுபேச்சு பேசாம ஊருக்கு வரணும். சரிதானா?"

"சரிட்டி" என்றார், நிமிராமலே.

அந்த நாட்களில் சித்தி வழக்கத்தைவிட நீளமாக ஜெபம் செய்தாள். ஓடவேண்டும் என்றா, ஓடக்கூடாது என்றா என்று நான் கேட்கவில்லை. ஊர் ஆசையைவிடப் பெரிதாக அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. துணி பிழிந்துகொண்டிருந்தபோது என்னிடம் ஒருதடவை சொன்னாள்: "என்னைய விட்டுத் தப்பிச்சி ஓடத்தான் இம்புட்டுப் பாடும் படுதாவ."

எஞ்சின் ஓடியது. ஆனால் சின்ன எஞ்சின். நின்ற இடத்திலிருந்து ஆள் கனத்தை இழுக்க அதற்குத் தெம்பில்லை. பின்னாலிருந்து யாராவது தள்ளிவிட வேண்டும். மற்றவர்கள் முன்வரும் முன்பே சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். சீட்டைப் பிடித்துச் சந்து நெடுக ஓடினாள். அவர் கம்பியை இழுத்தார். படபடவென்று புகை கிளம்ப, சைக்கிள் அவள் கையை விட்டுப் போனது. குழாயடியில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். அன்று தொடங்கித் தினமும் காலையில் அதுவே வழக்கம். செம்பூரில் பட்டறைக் கூட்டாளிகள் தள்ளிவிடுவார்கள். வழியில் சயானில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினால் அங்கே யாராவது ஒரு புண்ணியவான். ஒருதடவை ஒரு போலீஸ்காரர், "யே க்யா ஹை?" என்று அதட்டினாராம். "சைக்கிள், சாப்" என்றாராம் இவர். போலீஸ்காரர் எஞ்சினைப் பார்த்து, ஊன்றுகோலைப் பார்த்து, தானே தள்ளிவிட்டிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டுச் சித்தப்பா சிரித்தார். ஆனால் மறுநாள் காலை புறப்படும்போது முகம் மறுபடி இறுகியிருந்தது. தள்ளுகிற கையை அவர் பார்க்கவே மாட்டார்.

ஜூன் பிறந்து மழை பிடித்தது. நனைந்த டயரில் உருளை வழுக்கியது. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் நகர மறுக்கிறது. இரண்டாவது வாரத்தில் சயான் பக்கம் லாரிக்கு முன்னால் நின்றுபோய்ச் சாய்ந்து விழுந்தார். லாரிக்காரர் பிரேக் போட்டதால் உயிர் பிழைத்தது. முழங்கையெல்லாம் தோல் உரிந்து, சேறும் ரத்தமுமாக ஒரு கைவண்டியில் சைக்கிளோடு வந்து இறங்கினார். சித்தி வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டாள்.

"சொல்லேன்ட்டி. நீ கெலிச்சிட்டேன்னு சொல்லு" என்றார் அவர்.

சித்தி பஞ்சில் மருந்தை நனைத்து வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுப்பது பற்றி அவள் என்னிடம் பேசப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவள் கோதுமை திரித்துக்கொண்டு மாவு மில்லிலிருந்து வந்திருந்தாள். முகத்திலும் புருவத்திலும் மாவு. தூக்கை இறக்காமலே பேசினாள்.

"இங்கேருங்க. மில்லுல அந்தப் பெரிய சக்கரத்தச் சுத்துததுக்கு ஒரு வாரு போட்டிருக்கான்லா? அது மாதிரி இதுக்கும் ஒண்ணு மாட்டினா என்ன? டயர்ல உரசுனாத்தான வழுக்குது?"

சித்தப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வாரு போட்டா இன்னொண்ணும் இருக்கு. நின்ன எடத்துலேர்ந்து மெள்ள மெள்ள இழுத்துக் கெளப்பிரலாம். தள்ள ஆளு வேண்டாம்" என்றார்.

"அது தெரியாமலா சொல்லுதேன்?" என்றாள் சித்தி.

நான் அப்போது அதைக் காதில் மட்டும்தான் வாங்கினேன். இப்போது பம்பாய்க்குப் பக்கத்தில் நெருளில் என் மகன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கையில், அவர்கள் இருவரும் என் கண்முன்னால் பேசியவற்றிலேயே பெரிய பேச்சு அதுதான் என்று படுகிறது. அவரை ஊருக்குக் கூட்டிப்போக அவளுக்கு நியாயமான காரணம் கையில் வந்திருந்தது. அதை விட்டாள். காலையில் அந்தச் சந்து நெடுக அவரோடு ஓடும் அந்தக் கொஞ்ச தூரமும் அவளுக்குத்தான் சொந்தமாக இருந்தது. அதையும் விட்டாள்.

ஒரு சின்னச் சக்கரத்தின் விளிம்பைப் பின் சக்கரத்தின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டி, எஞ்சினிலிருந்து அதற்கு வார் மாட்டினார்கள். பக்கத்துக் கம்பியை இழுத்தால் இப்போது வார் மெல்ல இறுகும். மழை படாமல் தகரத்தில் ஒரு மூடி. பல வருஷம் அந்த வண்டியில்தான் அவர் வேலைக்குப் போனார். செம்பூரிலேயே பட்டறைக்குப் பக்கத்தில் ஜாகை கிடைத்த பிறகு எஞ்சினை யாரோ தண்ணீர் இறைக்கக் கேட்டு வாங்கிப்போனார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பவே இல்லை. இருவரையும் பம்பாயில்தான் அடக்கம் செய்தோம்.

வார் மாட்டிய மறுநாள் காலை தூறிக்கொண்டிருந்தது. சித்தப்பா டிபன் தூக்கை மாட்டி, ஊன்றுகோலைக் கொக்கியில் செருகி, கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பினார். சித்தி பழக்கத்தில் சேலையைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். அவர் கம்பியை மெல்ல இழுத்தார். வண்டி ஒருதரம் குலுங்கி, தானாக நகர்ந்தது. குழாயடி தாண்டி, சந்து திரும்பும் இடத்தில் மறைந்துவிட்டது. அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குச் சங்கடமாக இருந்தது. சித்தி அழுதுவிடுவாளோ என்று பக்கத்தில் போய் நின்றேன். அவள் சந்தின் அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் பாக்காமப் போறாவ, பாத்தியாட்டி?" என்றாள். செருகிய முந்தானையை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படித்தான் போவணும்."