மர்சலின் டீச்சரின் முழங்கால்கள்

வண்டியில் ஏறுவதற்கு முன் மர்சலின் எப்போதும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. முந்தானையை இழுத்து முன்பக்கம் போர்த்திக்கொள்வாள். கைக்குடையை வயிற்றுக்குக் குறுக்கே அணைத்துக்கொள்வாள். கால்களை ஒட்டிவைத்து, மூச்சைப் பிடித்து, ஒரே மூச்சில் ஏறிவிடுவாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலாம் வருஷம், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முந்தின திங்கட்கிழமை காலையிலும் அப்படித்தான் ஜட்காவில் ஏறினாள். மந்தைவெளிச் சந்து முழுவதும் வாசலில் நின்று வழியனுப்பியது. டீச்சர் மாதா கோயிலுக்குப் போகிறாள் என்றால் சும்மாவா?

"எனக்கும் சேத்து வேண்டிக்கோ டீச்சர்!"

"மாதா கோயில் மண்ணு ஒரு பிடி கொண்டா. மறந்துட்டு வந்து கைய விரிக்காத."

வண்டி நகரும் நேரத்தில் அல்போன்சா ஓடிவந்தாள். பங்குச் சாமியார் பங்களாவில் சமையல் செய்கிற விதவை அவள். ஒரே மகன் லியோனார்ட் மலாயாவில் ரப்பர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாகப் போனவன். ஜப்பான்காரன் அங்கே நுழைந்த நாளிலிருந்து அவனைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. செய்தித்தாளில் சுற்றிய ஒரு நீளமான பொருளை மர்சலினின் மடியில் வைத்தாள். மெழுகுவத்தி. யுத்தகாலத்தில் மெழுகு எங்கே கிடைக்கிறது? கோயில் பீடத்தில் உருகி வழிந்ததையெல்லாம் சாமியாரிடம் கேட்டுச் சுரண்டிச் சேர்த்து, மகன் விட்டுப்போன சட்டையின் கையை அளவு வைத்து வார்த்திருந்தாள்.

"எம்புள்ள கை நீளம் கீது பாரு டீச்சர். மாதா காலாண்ட ஏத்து. அவன் பேரச் சத்தமாச் சொல்லு."

மர்சலின் தலையசைத்தாள். அதைத் தவிர என்ன செய்ய முடியும்?

எழும்பூர் வந்ததும் அவள் கணவன் இக்னேஷியஸ் வண்டிக்கார ஷரீஃபிடம் வலதுபக்கம் கையைக் காட்டினான்.

"இன்னா சார், ரயிலு இந்தாண்ட நிக்குது, நீ அந்தாண்ட கையக் காட்டுற?"

"ஆஸ்பத்திரியில ஒருத்தரப் பாத்துட்டுப் போகணும்."

"மூட்ட முடிச்சோடவா?" என்று சிரித்தபடி திரும்பிய ஷரீஃப், குடையை அணைத்துக்கொண்டிருந்தவளின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை அப்படியே விழுங்கிவிட்டுக் குதிரையைப் பெண்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினான்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்கு டீச்சர் மர்சலின். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கருங்கல். வகுப்பில் எந்த வேடிக்கை நடந்தாலும் அவள் உதடு அசையாது. வேடிக்கை பேசத் தெரியாதவள் அல்ல. அவள் முகத்தை மாற்றாமல் சொல்லும் ஒரு வார்த்தையில் மற்ற டீச்சர்கள் டிபன் பெட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். அவள் மட்டும் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, கால்களைப் பின்னியபடி, சுவரில் மாட்டிய தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிரித்தால் புடவை நனைந்துவிடும். தும்மினாலும் அப்படித்தான்.

ஐந்தாவது பிரசவம் முடிந்த வாரமே எழுந்து தண்ணீர்க் குடம் தூக்கினாள். அன்று கர்ப்பப்பை கீழே இறங்கியது. முதலில் மாலையில் மட்டும் ஏதோ கனமாகத் தொங்குவதுபோல இருந்தது. பிறகு நடக்கும்போது வெளியே வந்து உரசத் தொடங்கியது. கிழிந்த பழம்புடவையை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனாள். கணவனிடம் சொன்னபோதும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். சந்தில் யாருக்கும் தெரியக்கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. மூத்தவள் கிளாடிஸுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்க்கு அந்த இடத்தில் வியாதி என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஒன்பது வாய் அதற்குக் கையும் காலும் வைத்துவிடும். வேளாங்கண்ணி என்று சொன்னால் யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்? அவளுக்குத் தோன்றிய வழி அதுதான். வேளாங்கண்ணிக்குப் போகிறவளிடம் ஊரே தன் வேண்டுதலைக் கொடுத்தனுப்பும் என்பது மட்டும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து உயர்த்தியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே தையல், சிறுநீர் இறங்க ஒரு ரப்பர் குழாய். நர்ஸ் விளக்கை எடுத்துவந்து போர்வையை விலக்கும்போதெல்லாம் மர்சலின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மூஞ்சிய மூடி இன்னாம்மா பண்றது? மூஞ்சியிலயா தையல் போட்டுக்கீது?" என்றாள் அடுத்த கட்டில்காரி. ஈக்காட்டுத்தாங்கல் செங்கல் சூளையில் மண் சுமக்கிறவள். அவளுக்கும் அதே ஆபரேஷன். "எனுக்கு நடந்தா மணி ஆட்ற மாதிரி ஆடும். பெரிய கோயில் மணி! டாக்டரம்மா இஸ்துக் கட்டிட்டா. இனிமே நாக்கு மட்டுந்தான் ஆடும்."

மர்சலின் சிரித்துவிட்டாள். தையல் சுள்ளென்று இழுத்தது. பழக்கத்தில் கையை விட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். குழாய் இருக்கிறது, நனைய எதுவும் இல்லை என்பதே அப்புறந்தான் நினைவுக்கு வந்தது. அந்த வார்டில் யாருக்கும் வெட்கமில்லை. எல்லாரும் தங்கள் உடம்பைப்பற்றி அடுப்படிப் பாத்திரத்தைப்பற்றிப் பேசுவதுபோலப் பேசினார்கள். ஆனால் தலையணைக்குப் பக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய அந்தக் கை நீளப் பொருள் கிடந்தது. அதைப் பார்க்கும்போது மட்டும் அவள் மறுபடி முகத்தை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குப் புறப்படும்போது டாக்டரம்மா விரல் நீட்டிச் சொன்னாள்: குடம் தூக்கக்கூடாது, குந்தி உட்காரக்கூடாது, முக்கக்கூடாது, முழந்தாளிட்டு எழுந்திருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சந்துக்காரர்கள் மண் கேட்பார்களே என்று அப்போதுதான் நினைவு வந்தது. இக்னேஷியஸ் சாந்தோம் கடற்கரைக்குப் போய் ஒரு துண்டு நிறைய மணல் அள்ளிவந்தான்.

"கடல் ஒண்ணுதான மர்சலின். அங்க இருந்து இங்க வராமலா இருக்கும்?"

பொட்டலம் பொட்டலமாக மணல் போயிற்று. வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், சாமியார் நற்கருணையை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின் மணி அடித்தது. கோயிலில் இருந்த அத்தனை பெண்களும் முழந்தாளிட, மர்சலின் மட்டும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் அல்போன்சா பிடித்துக்கொண்டாள்.

"இன்னா டீச்சர், ஒடம்புக்கு?"

"முட்டி போச்சு அக்கா."

"எப்படி?" என்று கேட்டவள் தானே பதிலையும் கண்டுபிடித்தாள். "மாதா கோயில்ல மணல்ல முட்டி போட்டே நடந்தியா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. மர்சலின் அதை விட்டுவிட்டாள்.

"எம்புள்ளைக்காகவா நடந்தே?" அல்போன்சாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

அதன் பிறகு மர்சலினின் முழங்கால்கள் அந்தப் பங்கிலேயே புகழ்பெற்ற முழங்கால்கள் ஆகிவிட்டன. பஸ்ஸில் இடம் கொடுத்தார்கள். தலைமை டீச்சர் நாற்காலிக்கு மெத்தை தைத்துக் கொடுத்தாள். மாலையில் பங்களாச் சமையலை முடித்துக்கொண்டு அல்போன்சா வருவாள். தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி, குற்றம் குறை எதுவுமில்லாத அந்த இரண்டு முழங்கால்களையும் தேய்த்துவிடுவாள். மர்சலினுக்குக் கூச்சம் அதிகம். சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். லியோனார்ட் சின்னப்பிள்ளையாய்த் தொலைந்துபோய்க் கபாலி கோயில் குளத்தங்கரையில் கிடைத்த கதையை அல்போன்சா அழுதுகொண்டே சொல்லும்போது எப்படிச் சிரிப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்திருப்பாள். வலிதான் என்று நினைத்து அல்போன்சா இன்னும் மெதுவாகத் தேய்ப்பாள்.

பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னதாகச் சொன்னாள். எத்தனை என்று சாமியார் கேட்டார்.

"ஒண்ணுதான் சாமி. ஆனா அது தெனம் வளருது."

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வருவதற்குள் உடம்பு தேறிவிட்டது. இனி முழந்தாளிடலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டாள். ஆனால் எப்படி இடுவது? ஊர் அதையும் மாதாவின் புதுமை என்று கொண்டாடிவிடுமே. ஆகவே உட்கார்ந்தே பூசை கண்டாள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். தண்ணீர்தான் அவளைத் தின்றது. டீச்சர் முட்டி வலியோடு குழாயடிக்குப் போவதாவது என்று அல்போன்சா தன் குடங்களோடு அவள் வீட்டுக் குடங்களையும் தூக்கினாள். கிளாடிஸ் குடத்தைத் தொட்டால், "கண்ணாலத்துக்கு நிக்கிற பொண்ணு, இடுப்ப ஒடிச்சுக்காத, போடி அந்தாண்ட" என்று பிடுங்கிக்கொண்டாள். குடத்தை இறக்கிவைத்ததும் சுவரில் ஒரு கையை ஊன்றி, அடிவயிற்றை மற்றொரு கையால் அழுத்திக்கொண்டு சற்று நிற்பாள். தும்மல் வந்தால் கதவு நிலையைப் பிடித்துக் கால்களைப் பின்னிக்கொள்வாள். மர்சலினுக்கு அந்த நிற்பு தெரியும். எட்டு வருஷம் அவளே நின்ற நிற்பு. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அதனால் அல்போன்சா நிலையைப் பிடிக்கும்போதெல்லாம் மர்சலின் பிள்ளைகளின் சிலேட்டுகளை எடுத்துத் திருத்தத் தொடங்கிவிடுவாள். கடைசிக் குடமும் வந்து சேரும்வரை தலை நிமிரமாட்டாள்.

மெழுகுவத்தி டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. பக்கத்துக் கோயிலில் ஏற்றினால் அல்போன்சா கண்ணில் படும். வேளாங்கண்ணிக்குப் போகிறவர் கையில் கொடுத்தால், நீ போனபோது ஏற்றவில்லையா என்பார்கள். தானே போய்வரலாம் என்றால் ரயில் முழுக்கப் பட்டாளம். அடுத்த சித்திரை வெயிலில் பெட்டியைத் திறந்தபோது அது நடுவில் மடங்கி, முழங்கையை மடக்கிய கைபோல் கிடந்தது. மூடிவிட்டாள்.

யுத்தம் முடிந்து, மழை பிடித்துக்கொண்ட கார்த்திகையில் ஒரு சாயங்காலம், அல்போன்சா நனைந்துகொண்டே வந்தாள். கையில் ஒரு ரெட் கிராஸ் கார்டு. அவளுக்குப் படிக்கத் தெரியாது. சாமியார் ஏற்கெனவே படித்துச் சொல்லிவிட்டார். ஆனாலும் டீச்சர் வாயால் கேட்கவேண்டும். மர்சலின் படித்தாள்:

"அம்மா, உயிரோடு இருக்கிறேன். சிங்கப்பூரில் கப்பலுக்குக் காத்திருக்கிறேன். என் சட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதே. லியோனார்ட்."

அல்போன்சா தரையில் சரிந்து உட்கார்ந்து மர்சலினின் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். "இந்த முட்டிதான் டீச்சர் எம்புள்ளைய இஸ்துக்கினு வந்துச்சு. இந்த முட்டிதான்."

மர்சலின் அவள் கைகளை விலக்கிவிட்டு உள்ளே போனாள். பெட்டியின் தகரமூடி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மடங்கிப்போன மெழுகுவத்தியை அல்போன்சாவின் மடியில் வைத்தாள். திரி புதுநூல்போல வெள்ளையாக இருந்தது.

"ஏத்தலியா?"

"நான் வேளாங்கண்ணிக்கே போகல அக்கா. எழும்பூரோட சரி."

பிறகு எதையும் பிடிக்காமல், கையை எங்கும் ஊன்றாமல், அல்போன்சாவுக்கு எதிரே இரண்டு முழங்கால்களையும் தரையில் வைத்து நிமிர்ந்து நின்றாள். "முட்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குக் கர்ப்பப்பை எறங்கியிருந்துச்சு. ஆஸ்பத்திரியில தச்சாங்க. அதச் சொல்ல வெக்கப்பட்டேன்."

"அடிப் பாவி!" அல்போன்சாவின் குரல் கிறீச்சிட்டது. "ஒரு வருசமா எண்ணெ காச்சித் தேச்சேனேடி! எம்புள்ள கைய டிரங்குல போட்டுப் பூட்டிட்டு, என்னப் பாத்துக்கினு இருந்தியா?"

மர்சலின் எழுந்திருக்கவில்லை. சொல்லவேண்டியதில் பெரியது இன்னும் பாக்கி இருந்தது.

"ஒனக்கும் எறங்கியிருக்கு அக்கா. குடத்த வெச்சிட்டு நீ நிக்கும்போதே தெரியும். தெரிஞ்சும் ஒன்னத் தண்ணி தூக்க வுட்டேன்."

 அல்போன்சாவின் கை தன்னையறியாமல் அடிவயிற்றுக்குப் போயிற்று. வாசலில் மழைக்கு ஒதுங்கியவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. கார்டு வந்த செய்தி கேட்டுச் சந்துப் பெண்கள் வேறு வந்துகொண்டிருந்தார்கள். அல்போன்சா மெழுகுவத்தியை இடுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். போய்த் தெருக்கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள்.