கார் கண்காட்சியில் ஜேபஸ் ஆர்ட்டன் உட்கார்ந்த நாள்

கெல்லவே மோட்டார் கம்பெனி எங்கள் செட்டுக்கு அறுபத்து நான்கு பவுண்டு பத்து ஷில்லிங் பாக்கி வைத்திருந்தது. வருஷம் 1948, அக்டோபர் மாதம். செட்டு என்றால் ஆறு டிங்கர்கள். தலைவர் ஜேபஸ் ஆர்ட்டன். பாக்கி விழக் காரணமானவன் நான்.

இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு கவென்ட்ரியில் வால்ட்டர் டிம்ஸ் என்று பெயர் எழுதிய பட்டறையில் பதினேழு பேர் வேலை செய்கிறார்கள். பேங்க் மேனேஜர் எழுந்து வந்து கை கொடுக்கிறார். இதற்கு மேல் ஒரு பழைய தப்பை ஒப்புக்கொள்வதில் எனக்கென்ன குறைந்துவிடப் போகிறது? ஆனால் இது என் கதையில்லை, ஆர்ட்டனின் கதை. அவர் மட்கார்டு தட்டிய கார்களைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் போடுகிறார்கள். ஒன்றிலாவது அவர் பெயர் இருக்கிறதா என்று கடையில் நின்று புரட்டிப் பார்த்தேன். இல்லை. சரி, நானே எழுதுகிறேன்.

ஆர்ட்டன் எங்கள் ஊரின் ஹில்ஃபீல்ட்ஸ் தெருக்களில் பிறந்தவர். அப்பா கடிகாரம் செய்தவர். அந்தத் தொழில் படுத்துவிட்டதால் பையன் சைக்கிள் கம்பெனிக்குப் போய் மட்கார்டு வளைத்தார், பிறகு கார், யுத்தம் வந்ததும் விமானம். நாற்பதாம் வருஷம் நவம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் ஊரே எரிந்த இரவில் அவர் வீடும் போயிற்று. இடிபாட்டிலிருந்து இரண்டே சாமான் எடுத்தார்: மனைவி தர்ஸாவின் தையல் மெஷின், தன்னுடைய கருவிப் பெட்டி. அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மறுநாள் காலை கூரையில்லாத பட்டறைக்கு வந்து நின்றார். கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்பார். முப்பது வருஷம் தகட்டோசை கேட்டு இடது காது செவிடு. கம்பெனிக்காரர்கள் விலையைக் குறைத்துச் சொல்லும்போது சரியாக அந்தக் காதைத்தான் திருப்புவார்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்த வேலையானாலும் முதலில் விலை. கம்பெனியில் விலை குறிக்கிறவர் என்று ஒருவர், கழுத்தில் நிறுத்துக் கடிகாரம் தொங்க, சீட்டுப் புத்தகத்தோடு வருவார். செட்டுத் தலைவரும் அவரும் பேசுவார்கள், கத்துவார்கள், கடைசியில் சீட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். அதன் பிறகுதான் தகட்டில் முதல் அடி. சீட்டில்லாமல் அடி விழுந்துவிட்டால் வேலையை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். கம்பெனி கொடுப்பதுதான் விலை. நாள் கூலி வரும். அது ரொட்டிக்கும் வாடகைக்கும் சரியாகப் போகும். வேலையின் விலைதான் எங்கள் சம்பாத்தியம்.

யுத்தத்துக்குப் பிறகு முதல் கார் கண்காட்சி, லண்டனில், எர்ல்ஸ் கோர்ட்டில். கெல்லவே கம்பெனி ஹெரான் என்று புதுக் காரைக் காட்டப் போகிறது. மட்கார்டை அழுத்தி எடுக்கும் அச்சு இன்னும் வந்து சேரவில்லை. கண்காட்சிக்குப் போகிற ஒரே ஒரு காருக்குக் கையால் தட்ட வேண்டும், அலுமினியத் தகட்டில். விளக்கிலிருந்து கதவு வரை ஒரே ஓட்டமாக வழிகிற முன் மட்கார்டு. அப்படி ஒரு வடிவத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

விலை குறிக்க வந்தவர் பின்னாக். ஆர்ட்டன் அறுபத்து நான்கு பத்து என்றார். பின்னாக் சிரித்தார்.

"மிஸ்டர் ஆர்ட்டன், சும்மா எதுக்குப் பேசிக்கிட்டு? இத எவனாலயும் கையால தட்ட முடியாதுன்னு இன்ஜினியரே சொல்லிட்டாரு. பர்மிங்ஹாம் ஆளுங்களக் கூப்பிட்டுப் பாக்கலாம்னு இருக்கோம்."

"கூப்பிடுங்களேன்," என்றார் ஆர்ட்டன்.

"உங்க ஆளுங்க பரேடு சோல்ஜர் மாதிரி நல்லாத்தான் நிக்கிறாங்க. ஆனா இந்த வளைவு…" என்று வடிவம் பார்க்க வைத்திருந்த மர அச்சைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "தம்பி டிம்ஸ், உனக்கே தெரியும்ல? இது உன்னால ஆகாதுப்பா."

எனக்கு வயது இருபத்தெட்டு. என்னைவிட நல்ல டிங்கர் ஆர்ட்டன் ஒருவர்தான், அதுவும் வயதினால் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். கையில் மரச்சுத்தி இருந்தது. மணல் பையின் மேல் தகடும் கிடந்தது. "ஆகாதா? இங்க பாரும்யா!" என்று ஓங்கி ஒன்று போட்டேன். அழகான அடி. இன்று வரை அப்படி ஒரு அடி அடித்ததில்லை.

பின்னாக் கடிகாரத்தை அமுக்கினார். "அடி விழுந்துடுச்சே, மிஸ்டர் ஆர்ட்டன்," என்று சீட்டுப் புத்தகத்தை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ஆர்ட்டனைப் பார்க்காமல் சுத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அடி நல்ல அடிதான்டா," என்றார். "நேரந்தான் தப்பு."

பதினாறு நாள் தட்டினோம். வெள்ளிக்கிழமை விலைச் சீட்டு வந்தது: இருபத்திரண்டு பவுண்டு. ஆர்ட்டன் அதில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். மறு வெள்ளி மறுபடி வந்தது, மறுபடி அனுப்பினார். பணம் மட்டும் என்றால்கூடப் போகட்டும். இருபத்திரண்டுக்கு ஒரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுதான் கணக்குப் புத்தகத்தில் ஏறும். அச்சு வருகிற வரை இனி எத்தனை ஹெரான் கையால் செய்தாலும் இருபத்திரண்டுதான். எங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்துப் பட்டறைக்கும் அதையே காட்டுவார்கள்.

செட்டில் இரண்டு பேர் வெளிப்படையாகவே கேட்டார்கள். "குறையிற நாப்பத்திரண்டு பத்த டிம்ஸ் பங்குல புடிச்சா என்ன?"

ஆர்ட்டன் நல்ல காதாலேயே கேட்டார். "கொள்ளையடிச்சவன் ஆபீஸ்ல உக்காந்திருக்கான். நீங்க இங்க இவன் பைக்குள்ள கை விடுறீங்களா?" அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் கிறிஸ்துமஸ் வரப்போகிறது, வீட்டில் என்ன சொல்வது என்று ஒவ்வொருவர் முகத்திலும் எழுதியிருந்தது. நான் தலை நிமிர்ந்து சாப்பிடவில்லை.

கண்காட்சி திறந்த இரண்டாம் நாள் காலை லண்டனிலிருந்து தந்தி வந்தது. கூட்டத்தை அடைக்கும் பித்தளைக் கம்பம் ஒன்றைச் சாய்த்து, ஹெரானின் இடது மட்கார்டில் சாஸர் அளவுக்கு நெளித்துவிட்டார்கள். ஆர்ட்டனை உடனே அனுப்பு. கூட ஓர் ஆள். ரயில் செலவு கம்பெனியுடையது.

"டிம்ஸ், நீ வா," என்றார். தர்ஸா கட்டிக் கொடுத்த ரொட்டியையும் வெங்காயத்தையும் கருவிப் பெட்டியில் போட்டுக்கொண்டார். ரயிலில் ஏறி உட்கார்ந்தார். நன்றாகத் தூங்கினார்.

எர்ல்ஸ் கோர்ட்டில் அன்று பார்த்த கூட்டத்தை நான் எந்தக் கால்பந்து மைதானத்திலும் பார்த்ததில்லை. பெட்ரோலுக்குக் கூப்பன், இறைச்சிக்குக் கூப்பன். காரோ, பாதிக்கு மேல் வெளிநாட்டுக்கு மட்டும். இங்கே பணம் கட்டினாலும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனாலும் ஜனங்கள் வரிசையில் நின்று சீட்டு வாங்கி, வாங்கவே முடியாத கார்களைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். யுத்தம் முழுக்கச் சாம்பல் நிறத்தையே பார்த்த கண்களுக்கு அந்தச் சிவப்பும் பச்சையும் பொன்னிறமும் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

எங்கள் ஹெரான் வெளிர் நீலம். சுழலும் மேடை மேல் நிறுத்தியிருந்தார்கள். ஆனால் மேடை சுழலவில்லை. நெளிந்த பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர், "உடல் தகடுகள் அனைத்தும் நவீன இயந்திரத்தில் ஒரே அழுத்தில்…" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரே அழுத்தா?" என்றார் ஆர்ட்டன் உரக்க. "பதினாறு நாள் அழுத்துச்சு, அந்த மெஷினு." பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

விற்பனைத் தலைவர் மேஜர் ஃபெல்தம் ஓடி வந்தார். மூக்கு நுனி வேர்த்திருந்தது. "வந்துட்டீங்களா! மூணு மணிக்கு ஸ்விட்சர்லாந்து வியாபாரி வர்றாரு. நாப்பது கார் எடுக்கப் போறாரு, வண்டி சுத்துறதப் பாக்கணும்னு சொல்லிட்டாரு. சீக்கிரம், சீக்கிரம்."

ஆர்ட்டன் சுவர்ப் பக்கம் போய், கண்ணை மூடிக்கொண்டு நெளிவின் மேல் உள்ளங்கையை ஓட்டினார். பிறகு கருவிப் பெட்டியைக் காருக்கு முன்னால் மேடையிலேயே வைத்து, மரச்சுத்தியையும் ரொட்டிப் பொட்டலத்தையும் வெளியே எடுத்துவிட்டு, பெட்டியை மூடி அதன் மேல் உட்கார்ந்தார்.

"விலை?" என்றார்.

"என்ன விலை?"

"இந்த நெளிவுக்கு நாலு பவுண்டு. மட்கார்டு ரெண்டுக்கும் அறுபத்து நாலு பத்து. எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா எந்திரிச்சுடுவேன்."

"அது பட்டறைச் சமாச்சாரம், மிஸ்டர் ஆர்ட்டன்! வெள்ளிக்கிழமை பின்னாக்கிட்டப் பேசிக்குங்க. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

ஆர்ட்டன் இடது காதைத் திருப்பினார். ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டு வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தார்.

மேஜர் என்னைப் பார்த்தார். "நீ செய்யேன்பா. உனக்குத் தனியா அஞ்சு பவுண்டு தர்றேன். இப்பவே."

அது என் அரை வாரச் சம்பாத்தியம். மரச்சுத்தி எனக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆர்ட்டன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ அடிச்சேன் சார்," என்றேன். "அந்த வலியே இன்னும் போகல."

மேஜர் வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்றார். ஆர்ட்டன், "தூக்குங்க. நெளிவு அங்கயேதான் இருக்கும்," என்றார். மேஜர் விறுவிறுவென்று போய் எதிர்ப்பக்கம் வேறொரு கம்பெனி மேடையிலிருந்து லண்டன் டிங்கர் ஒருவரைக் கையோடு அழைத்து வந்தார். ஆல்பி ஸ்பைசர் என்று பெயர், குள்ளமான ஆள், காதில் பென்சில். ஸ்பைசர் குனிந்து உள்ளங்கையால் மட்கார்டை முழுதும் தடவினார், நெளிவை மட்டுமல்ல.

"யாரு செஞ்சது இது?"

"நாங்க," என்றேன்.

"கையாலயா? அம்மாடி." அப்புறம் ஆர்ட்டனைப் பார்த்தார். "விலை பேசியாச்சா, அண்ணே?"

"இல்ல."

ஸ்பைசர் நிமிர்ந்து மேஜரிடம் சொன்னார். "கை வலிக்குது சார்."

"எந்தக் கை?"

"ரெண்டுந்தான். வெங்காய வாடை ஒத்துக்காது."

கூட்டம் கயிற்றுக்கு அப்பால் சேர்ந்துவிட்டது. மற்ற கார்களை விட்டுவிட்டு, மேடை மேல் உட்கார்ந்து ரொட்டி தின்கிற மனிதரைப் பார்க்க வந்துவிட்டார்கள். "என்ன கம்பெனி சார் நீங்க?" என்று ஒருவர் கேட்டார். "நானா? நான் இந்த மட்கார்டு," என்றார் ஆர்ட்டன். "எனக்கு இன்னும் காசு வரல." அதை அவர் கத்திச் சொல்லவில்லை. கேட்டவருக்கெல்லாம் அதே குரலில், மணி சொல்வது போலச் சொன்னார். "குடுத்துத் தொலைங்கய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு பெண்மணி குரல் கொடுத்தாள். பத்திரிகைக்காரன் ஒருவன் கேமராவை நிமிர்த்தினான்.

அப்போது மணி இரண்டு அடித்துப் பத்து நிமிஷம்.

மேஜர் கம்பெனியோடு பேச டெலிபோனுக்குப் போனார். கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, கேட்லாக் ஒன்றின் பின்னட்டையில், ஆர்ட்டன் சொல்லச் சொல்ல எழுதினார்: ஹெரான், முன் மட்கார்டு இரண்டு, கைவேலை, அறுபத்து நான்கு பவுண்டு பத்து ஷில்லிங். நெளிவு எடுக்க நான்கு பவுண்டு. கையெழுத்துப் போட்டார். ஆர்ட்டன் அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் தானும் போட்டார்.

"அடி," என்றார் என்னிடம்.

நான் மட்கார்டுக்கு அடியில் படுத்து, தோல் சுற்றிய தாங்குக்கட்டையைப் பிடித்து, உள்ளிருந்து மெல்ல மெல்லத் தட்டினேன். மேலே அவருடைய உள்ளங்கை. அவர் "இம்" என்றால் அடி, "இம்ஹும்" என்றால் நிறுத்து. இருபத்தைந்து நிமிஷம். பெயின்ட்டில் ஒரு முடிப் பிளவு விழுந்தது, அவ்வளவுதான். மெருகு போடுகிற பையன்கள் அதைச் சரிசெய்தார்கள். மூன்று மணிக்கு மேடை சுழன்றது. ஸ்விட்சர்லாந்துக்காரர் அந்த மட்கார்டு தன்னைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிக்கொண்டார். நாற்பது கார் எடுத்தார். அச்சு வரும் வரை அதில் பதினொன்றுக்கு நாங்கள்தான் தட்டினோம், அறுபத்து நான்கு பத்து விலையில்.

வியாபாரி போனதும் மேஜர், "ஊருக்குப் போங்க, வெள்ளிக்கிழமை கவர்ல வந்துடும்," என்றார்.

ஆர்ட்டன் மறுபடி பெட்டி மேல் உட்கார்ந்தார்.

மேஜர் அவரைப் பார்த்தார், கயிற்றுக்கு அப்பால் இன்னும் கலையாமல் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கேட்லாக் விற்ற காசுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அது போதவில்லை. தன் சொந்தப் பர்ஸையும் திறந்தார். ஆர்ட்டன் வலது கையை நீட்டினார். விரல்கள் ஒருநாளும் முழுதாக நிமிராத கை அது, சுத்திப் பிடியின் அளவுக்கே வளைந்துபோனது. அன்றைக்கு அதைத் தட்டையாக விரித்துப் பிடித்திருந்தார்.

மேஜர் மளமளவென்று நோட்டுகளை வைத்தார்.

"மெதுவா," என்றார் ஆர்ட்டன். "வாயால எண்ணுங்க. எனக்கு ஒரு காது கேக்காது."

மேஜர் திரும்ப எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு நோட்டாக. நோட்டு தீர்ந்ததும் அரைக் கிரவுன் நாணயங்கள், அதுவும் தீர்ந்து ஷில்லிங்குகள். அறுபத்து ஏழு. அறுபத்து எட்டு. கடைசிப் பத்து ஷில்லிங்கை, அரை ஷில்லிங் மதிப்புள்ள ஆறு பென்ஸ் காசுகளாக, இருபது காசுகள், உரக்க எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தார்.