கஞ்சி ஊற்றிப் பார்த்த கல்

என் மனைவி ஒரு தூக்குவாளி நிறையக் கஞ்சியோடு பஸ் ஏறி வந்து, நான் வேலை பார்த்த மொசைக் கல் பட்டறையில் எங்கள் புதுச் சமையற்கட்டுக்குத் தரைக்கல் பார்த்தாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கஞ்சி எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கு முந்தைய சமையற்கட்டின் தரையை நான்தான் போட்டேன். செவ்வாப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். லாரி கிளீனர், உப்பளம், செங்கல் சூளை, ரைஸ் மில் என்று எங்கேயும் ஆறு மாதம் தங்கியதில்லை. தரை போடுகிற கொத்தனார்களோடு கொஞ்ச நாள் சுற்றியதில் சிவப்புச் சிமெண்ட் தரை போடக் கற்றுக்கொண்டேன். எனக்கு ஒழுங்காகக் கைவந்த தொழில் அது ஒன்றுதான்.

எங்கள் சமையற்கட்டு அதுவரை மண்தரை. அதை மாற்றினேன். ஈரம் காய்வதற்குள் கரணையால் தேய்த்துத் தேய்த்து, பிறகு பத்து நாள் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் துடைத்துப் பளபளப்பு ஏற்றினேன். தெருவே வந்து பார்த்தது. "இன்னாயா, சினிமாக்காரன் ஊடு கணக்கா கீது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் பெண்ணுக்கு அப்போது நாலு வயது. அந்தத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தன் முகத்துக்குத் தானே பல்லைக் காட்டுவாள்.

இரண்டு மாதம் கழித்து நான் கிளம்பிவிட்டேன். சண்டை ஒன்றும் இல்லை. நாயுடுபேட்டையில் வேலை இருக்கிறது என்று ஒருவன் சொன்னான், போனேன். அங்கிருந்து வேறு ஊர். கடிதம் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஒரு நாள் காலையில் சோறு வடிக்கக் குண்டானைத் தூக்கிய என் மனைவிக்குக் கால் வழுக்கிவிட்டது. தரையில் எங்கோ இரண்டு சொட்டுக் கஞ்சி சிந்தியிருந்திருக்கும். அந்தத் தரைக்கு அதுவே அதிகம். குண்டான் குழந்தை மேல் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் உயிரோடு இருந்தாள். எனக்குத் தந்தி கொடுக்க யாரிடமும் விலாசம் இல்லை. ஒன்பதாம் நாள் நானாகத்தான் வந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். என் மனைவி பொன்னேரிக்கு அந்தப் பக்கம் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

கடப்பாரையால் அந்தத் தரையைப் பெயர்த்தேன். இரண்டு நாள் ஆனது. நன்றாகப் போட்ட தரை.

பிறகு கும்மிடிப்பூண்டியில் மொசைக் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த வேலை, கல்லுக்குப் பாலீஷ் போடுவது. மூன்று வருடம் ஒரே இடத்தில் இருந்தது அதுதான் முதல் தடவை. மாதம் ஒரு முறை பொன்னேரி போவேன். அவள் உள்ளேயே இருப்பாள். அவள் அண்ணன்தான் பேசுவார்.

"அதுக்கு உம்மேல கோவம் இல்ல மச்சான். அடுப்பாண்ட எல்லா வேலையும் செய்யுது. சோறு மட்டும் வடிக்காது. குண்டான எறக்குனா எழுந்து வெளிய பூடுது."

பட்டறைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து இரண்டு அறை எழுப்பினேன். சமையற்கட்டுக்குச் சுவர் நின்றதும் போய்க் கூப்பிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"தரைய நான் பாத்து எடுக்கறேன். அது சரியா இருந்தா வரேன்."

அப்படித்தான் தன் அண்ணி வடித்த கஞ்சியோடு வந்து இறங்கினாள்.

மேஸ்திரி தெலுங்கு பேசுகிறவர், தமாஷ் பேர்வழி. வெள்ளை, பச்சை, ரோஸ் என்று கற்களை வரிசையாக வைத்தார். "பாலீஷ் போட்டது எல்லாம் உங்க ஊட்டுக்காரருதாம்மா. மூஞ்சி பாத்துப் பொட்டு வச்சிக்கலாம்" என்றார்.

அவள் வெள்ளைக் கல்லில் கஞ்சியை ஊற்றி, அதில் ஏறி நின்று குதிகாலைத் திருப்பினாள். கால் சறுக்கியது. நான் கையை நீட்டினேன். அவள் பக்கத்தில் இருந்த கல் அடுக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, ஆடி மாசம் இன்னும் பொறக்கலியே, அதுக்குள்ள கூழ் ஊத்தற?" என்றார் மேஸ்திரி.

"உங்க கல்லுக்குப் பசி அண்ணே. எல்லாத்துக்கும் கொஞ்சம் ஊத்திட்டுப் போறேன்."

பச்சையும் சறுக்கியது. ரோஸும் சறுக்கியது. அவள் சுற்றிப் பார்த்துவிட்டு மூலைக்குப் போனாள். அங்கே கட்டம் கட்டமாகக் கோடு வெட்டின சாம்பல் கல் குவிந்து கிடந்தது.

"அது கக்கூஸுக்குப் போற கல்லும்மா. மாட்டுக் கொட்டாய்க்குப் போடுவாங்க. சமையக்கட்டுல எவனும் போட மாட்டான். கட்டத்துல அழுக்கு ஏறிக்கினு பேஜாராப் பூடும்."

"தேய்க்கப் போறது நான்தானே?"

மீதிக் கஞ்சியை அதில் ஊற்றினாள். நின்றாள், திருப்பினாள், ஒரு முறை குதித்தும் பார்த்தாள். கால் அங்கேயே நின்றது. "இது" என்றாள்.

அதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. சுவருக்கு என்று மேஸ்திரி வைக்கோல் கட்டைப் பிரித்து வெள்ளைப் பீங்கான் டைல்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முந்தானையால் துடைத்து அதையே பார்த்தாள். பிறகு குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"முகம் தெரியாதது இருக்குதா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் போய், பாலீஷுக்கு வராத கற்களில் பத்துப் பதினைந்தை எடுத்து ஓரமாக வைத்தேன். அடுப்பை ஒட்டின சுவரில் இடுப்பளவுக்கு அதுவே போதும் என்றாள்.

தரை காய்ந்ததும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாள். அரிசி களைந்து உலையில் போட்டாள். வெந்ததும் குண்டானை மெதுவாகத் தரையில் இறக்கிவிட்டு, கரித்துணி இரண்டையும் என்னிடம் நீட்டினாள்.

"நீ வடி."

வாசற்படிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். நான் அதுவரை சோறு வடித்தவன் இல்லை. வடிதட்டை மேலே வைத்துப் பிடித்துச் சாய்த்தேன். தட்டு விலகி, கஞ்சி பாதி தரையிலும் என் இடது கால் மேலும் கொட்டியது. தோல் உரிவது தெரிந்தது. காலை எடுக்கவில்லை. மிச்சத்தையும் வடித்து முடித்து நிமிர்ந்தேன். அவள் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழுக்கல" என்றேன்.

"பாத்தேன். இருக்கேன். ஆனா வடிக்கறது நீதான். நீ இல்லாத அன்னிக்கு இந்த ஊட்ல சோறு கெடையாது."

அதற்குப் பிறகும் மூன்று முறை கிளம்பிப் போயிருக்கிறேன். கடைசி முறை இருபது நாள் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது அவள் மெலிந்திருந்தாள். அடுப்பில் கேழ்வரகுக் கூழ் இருந்தது. வடிதட்டு ஆணியில் மாட்டினபடியே தொங்கியது, சிலந்தி கூடு கட்டியிருந்தது. நான் தட்டை எடுத்துக் கழுவிவிட்டு, அரிசி எங்கே என்று கேட்டேன்.