பதினோராவது ஆள்

எங்கள் கிளப்பில் யாகூபை யாகூப் என்று கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. பில்லியர்ட்ஸ் மேசையைப் பார்த்துக்கொண்டு, ஆட்டத்தின் புள்ளிகளை எண்ணிச் சொல்வது அவர் வேலை. அதற்கு மார்க்கர் என்று பெயர். ஆளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. முப்பது வருடமாக உக்கடத்திலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். நான் ஒரு ஆட்டம்கூட உருப்படியாக ஜெயித்தவனில்லை. என் அசட்டுப் புள்ளிகளையும் அவர் மரியாதையாகத்தான் அறிவிப்பார். அதற்காகவே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

கிளப்பின் பெயர் லெவன் கிளப். ஆனைமலை எஸ்டேட் துரைகளும் மில் இன்ஜினியர்களும் சேர்ந்து கிரிக்கெட் டீம் அமைத்து, அதிலிருந்து பிறந்த கிளப் என்பதால் அந்தப் பெயர். முதல் டீமின் போட்டோ கூடத்தில் தொங்கியது. அதன் கீழே நின்று எத்தனையோ விருந்தாளிகளிடம் இந்தக் கதையை அளந்திருக்கிறேன். ஒருநாளாவது தலைகளை எண்ணினேனா? இல்லை.

தொண்ணூற்று நான்கில் வெள்ளையடித்தபோது அந்தப் போட்டோவின் கண்ணாடி உடைந்தது. புதுக் கண்ணாடி போட யாகூப் கடைக்கு எடுத்துப் போனார். சட்டத்தைக் கழற்றினால், போட்டோவின் ஓரம் பின்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. விரித்துப் பார்த்தால் நம்மூர்க்காரர் ஒருவர், வெறுங்காலோடு, கையில் மட்டையுடன் நிற்கிறார்.

யாகூப் யாரையும் கேட்கவில்லை. மடிப்பை நீவிவிட்டு, அகலமான சட்டம் போட்டுக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். ஓய்வுக்கு இரண்டே வருடம் இருந்தது. செக்ரட்டரி சென்னிமலையோ, கேன்டீனில் டம்ளர் மாற்றினால்கூடத் தன்னைக் கேட்க வேண்டும் என்பவர். கேட்காமல் வேலி வெட்டிய தோட்டக்காரரைப் போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மறுநாள் கூடத்துக்குள் வந்ததுமே சென்னிமலையின் கண் அந்தப் போட்டோவில் போய் நின்றது.

“மார்க்கர்! ஆரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?”

“கேக்கலீங்க. தப்புத்தானுங்க. ஆனா பேரு லெவன்னு இருக்குதுங்க, பழைய சட்டத்துல பத்துப் பேருதானுங்க இருந்தாங்க. எண்ணிப் பாருங்க.”

சென்னிமலை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக விரல் வைத்து எண்ணினார். கடைசி ஆளிடம் விரல் நின்றது.

“இவரு ஆரு?”

“புள்ளி எண்ண நின்னவரை, ஆளு கொறஞ்சதுன்னு எறக்கியிருப்பாங்க போலங்க. பத்துத் தொரைங்க பேரும் பின்னால எழுதியிருக்குதுங்க. இவருக்கு மார்க்கர்னு மட்டுந்தானுங்க.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை வருடமும் நானும் அப்படித்தானே கூப்பிட்டிருக்கிறேன்.

பழைய ஒற்றை ஆணியில் அகலச் சட்டம் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சென்னிமலை அதை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினார்.

“ஒரு ஆணி பத்தாதுங்க, யாகூப். இன்னொண்ணு அடிச்சுப்போடுங்க. நான் புடிச்சுக்கறேன்.”